கண்ணாடியைத் தூக்காத வாடிக்கையாளர்

மாமாவின் முகத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை வீசியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம். படிக்காதவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் புரிகிறது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறவர். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களோடு வேலை பார்க்கிறாள். நான் பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். அதனால் மாமாவுக்கு நான் 'புரொபசர்'. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இருக்கிறோம் என்பது சரியான சொல்தானா என்று தெரியவில்லை.

விடிவதற்கு முன்பே அக்கா கிளம்பிவிடுவாள். மாமா அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். அவள் திரும்புவதற்குள் அவர் மதிய ஷிஃப்டுக்குப் போயிருப்பார். அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். வார விடுமுறையும் இருவருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. அடுப்படியில் ஒருவர் மூடி வைத்த பாத்திரத்தை இன்னொருவர் திறப்பார். கொஞ்ச நாளாக அவர்களுடைய குடித்தனம் அந்த மூடியோடு நின்றிருக்கிறது.

பாட்டில் வீசியவர், அளவு குறைகிறது என்று சண்டை பிடித்தவர். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னது மாமாவைத்தான். கேட்டார். ஈரச் சட்டையோடு மீதி நேரத்தையும் நின்றே முடித்துவிட்டு வந்தார். மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய் காலை ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

காலை ஷிஃப்ட் கிடைத்தால் அவரும் அக்காவும் ஒன்றாகக் கிளம்பலாம். மாலைப் பொழுது முழுவதும் இரண்டு பேருக்கும் சொந்தம். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு பேர் போட்டி. மேனேஜர் ஒரு வழி சொன்னார். "இந்த வாரம் சோதனைக்கு ஆள் வருது. உன் மார்க் நல்லா இருந்தா காலை ஷிஃப்ட் உனக்குத்தான். மார்க் வந்ததும் நானே போன் பண்றேன்."

சோதனைக்கு வரும் ஆளைக் கம்பெனி அனுப்பும். சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே வண்டியோடு வந்து நிற்பார். பெட்ரோல் போடுகிறவர் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்கிறாரா, சிரிக்கிறாரா, மீட்டரில் ஜீரோவைக் காட்டுகிறாரா, நன்றி சொல்லி அனுப்புகிறாரா என்று பார்த்து மார்க் போட்டுவிடுவார். யார், எந்த வண்டி, என்றைக்கு, ஒன்றும் தெரியாது. "யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால வர்ற எல்லாருமே அவங்கதான்னு நெனச்சுக்குங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

மாமா அப்படியே நினைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. திங்கட்கிழமை காலையில் நான் பல் துலக்கக் காத்திருந்தபோது இடுக்கு வழியாகப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். வாய் விரிந்தது. கண்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. மறுபடி முயன்றார். நான் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இனி வியாழக்கிழமை.

மருந்துக்கடை முடிந்து நான் வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சாம்பல் நிற மழைக்கோட்டு, தலையில் முகம் முழுவதையும் மறைக்கும் ஹெல்மெட், அதில் கறுப்புக் கண்ணாடி. நான் ஒதுங்கி நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏறுடி. கூடப் பொறந்தவளுக்கே அடையாளம் தெரியல."

வண்டி, கோட்டு, ஹெல்மெட் மூன்றுமே அவளோடு வேலை பார்க்கும் பெண்ணுடையவை. அந்தப் பெண் ஒரு ராத்திரிக்கு ஊருக்குப் போகிறாள். நாளைக் காலைவரை வண்டி அக்காவிடம். என்னை வகுப்பில் இறக்கிவிடலாம் என்று வந்திருக்கிறாள். அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் பாதித் தூக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

வழியில், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்றாள். அதற்கு வீட்டுப் பக்கமே பங்க் இருக்கிறதே என்றேன். அங்கே வேண்டாமாம். மாமாவின் பங்க்குக்குப் போகலாமாம்.

"இந்த வேஷத்துல அவரு என்னைக் கண்டுபிடிக்கிறாரான்னு பாப்போம். கண்ணாடியத் தூக்குனதும் மனுஷன் எப்படி முழிக்கிறாருன்னு நீ ஓரமா நின்னு பாரு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. சோதனை ஆள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பங்க்கில் பெட்ரோல் போடும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. நான் இறங்கி, டயருக்குக் காற்றுப் பிடிக்கும் மூலைக்குப் போனேன். அங்கே இருப்பவரை எல்லோரும் காத்தண்ணன் என்பார்கள். மாமாவின் மச்சினி என்று என்னைத் தெரியும். அவர் பக்கத்தில் இரண்டு செங்கல் இருந்தன. முன்பு அங்கே ஒரு நாற்காலி இருந்ததாம். உட்கார்ந்திருந்தால் கேமராவில் அழகாக இல்லை என்று எடுத்துவிட்டார்களாம்.

"செங்கல்லு கேமராவுக்குத் தெரியாதும்மா. அதுல உக்காந்தா நான்தான் தெரிவேன். அதனால அதுவும் சும்மா கெடக்குது" என்றார்.

மாமா மூன்றாவது பம்ப்பில் நின்றிருந்தார். வரிசை நீளம். அக்காவின் ஸ்கூட்டர் ஒவ்வொரு வண்டியாக முன்னால் நகர்ந்தது. நான் பில்லரை ஒட்டி நின்றதால் அவர் பார்வையில் படவில்லை. படுவேன் என்ற பயமும் தேவையில்லை என்று காத்தண்ணன் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டேன். அவர்கள் யாருமே மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லையாம். டேங்க் மூடியைப் பார்ப்பார்கள், மீட்டரைப் பார்ப்பார்கள், நீட்டிய கையில் இருப்பதைப் பார்ப்பார்கள். நாள் முழுக்க வருகிற முகங்களை எல்லாம் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராதாம். முக்கியமாகத் திட்டுகிறவர்களின் முகம்.

அக்காவின் முறை வந்தது.

மாமா நெஞ்சில் கை வைத்தார். வணக்கம் சொன்னார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வது என்று யோசித்து இந்த இடத்தில் நிறைய அடித்துத் திருத்தினேன். குளியலறையில் பழகியது இது இல்லை. இதில் கண்கள் இருந்தன. அக்காவின் கல்யாண ஆல்பத்தில், யாரோ எதையோ சொல்லி மாமா திரும்பிப் பார்க்கும் படம் ஒன்று உண்டு. ஏறக்குறைய அது.

"ஜீரோ பாத்துக்குங்க மேடம்" என்றார்.

அக்கா தலையை அசைத்தாள். அவள் கை கண்ணாடியின் விளிம்புவரை போனதைப் பார்த்தேன். இப்போது தூக்குவாள் என்று நானும் சிரிக்கத் தயாரானேன். கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி மடியில் படுத்துக்கொண்டது.

பெட்ரோல் ஏறியது. மாமா குழாயை எடுத்து, மூடியைத் திருகி, துணியால் டேங்க்கைத் துடைத்தார். அக்கா பணத்தை நீட்டினாள். சலவைக்கூடத்து ரசாயனத்தில் வெந்து, முட்டிகளில் வெடிப்பு விழுந்த விரல்கள். ஆயிரம் கைகளை வரிசையில் வைத்தாலும் அவள் கையை நான் அடையாளம் காட்டுவேன். மாமா இரண்டு கையாலும் பணத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அக்கா நகரவில்லை.

பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். அக்கா அப்படியே உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பின்னாலிருந்த வண்டிகளைக் கையால் அமைதிப்படுத்திவிட்டு, மறுபடி நெஞ்சில் கை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். டயரில் காற்று பார்க்கட்டுமா, ஆயில் பார்க்கட்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிரிப்பு கலையவே இல்லை.

அக்கா வண்டியைக் கிளப்பினாள். என்னை ஏற்றிக்கொள்ள அவள் நிற்கவில்லை. சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் ஓடித்தான் பிடித்தேன்.

வகுப்பு வாசலில் வண்டி நின்றது. இறங்கும்போது ஏன் கண்ணாடியைத் தூக்கவில்லை என்று கேட்டேன். நேரமாகிறது, உள்ளே போ என்றாள்.

அன்றைய பாடம் தேய்மானம். ஒரு இயந்திரம் வருஷத்துக்கு இவ்வளவு தேயும் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. மாமா.

ஷிஃப்டில் அவர்களுடைய போன்களை வாங்கி மேனேஜர் அறையில் பூட்டிவிடுவார்கள். டீ இடைவேளையில்தான் கையில் கிடைக்கும். அந்த இடைவேளையில் மாமா என்னைக் கூப்பிட்டதே இல்லை. பயந்துபோய் வராந்தாவுக்கு ஓடினேன்.

"புரொபசர், க்ளாஸ்ல இருக்கியா? ரெண்டே நிமிஷம். உங்கக்கா தூங்கியிருப்பா, அதான் உன்னைக் கூப்பிட்டேன். அந்த ஆள் வந்துட்டுப் போயாச்சு."

எந்த ஆள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சோதனை ஆள். லேடி. வந்து நின்னப்பவே ஒரு சந்தேகம். ஹெல்மெட்டே கழட்டல, ஒரு வார்த்தை பேசல. பெட்ரோல் போட்டு முடிச்சும் அசையாம உக்காந்து பாத்துட்டே இருந்துச்சு. வேற யாரு அப்படிப் பாப்பா? எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு விடாம எல்லாம் செஞ்சேன். சிரிச்சேன் பாரு, அப்படி ஒரு சிரிப்பு. அந்த நேரத்துல உங்கக்காவ நெனச்சுக்கிட்டேன். அதான் நல்லா வந்துச்சு."

அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை பேச்சை அவரிடம் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. சோதனை முடிந்ததும் உடம்பே லேசாகிவிட்டதாம். அதற்கப்புறம் ஒரு வெள்ளைக் கார் வந்ததாம். உள்ளே இருந்தவர் கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாராம், பக்கத்து இருக்கையில் ஏதோ பார்த்துக்கொண்டே விரலால் சொடுக்கினாராம். மாமா வணக்கம் சொல்லவில்லை. சிரிக்கவில்லை. ஜீரோவைக் காட்டவில்லை. குழாயைச் செருகிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டாராம்.

"முதுகு காட்டி நின்னேன், புரொபசர். மூஞ்சியக் கழட்டிக் கொஞ்ச நேரம் கீழ வச்ச மாதிரி சுகமா இருந்துச்சு. அந்தாளு ரொம்ப நேரம் என்னையே பாத்தான். பாத்துட்டுப் போகட்டுமே."

நான் ம் என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் அவருக்கு ஷிஃப்ட் பாக்கி இருந்தது. வந்து போனது அக்கா என்று தெரிந்தால், அடுத்து வருகிறவருக்காவது சிரித்திருப்பார். வாயைத் திறந்தேன். ஆனால் அவர் காலை ஷிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அப்படியே பங்க்குக்குப் போய்விடலாமாம், வழியில் ஒரு டீ குடித்துவிட்டு. இருட்டில் அவள் தனியாகப் பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்தால் படுத்திருக்கும்போதே உறுத்துகிறதாம். அதாவது, அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் மறுபடி பூட்டுக்குப் போய்விட்டது.

மீதி வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா விழித்திருந்தாள். வழக்கமாக அந்நேரம் அவள் அறையில் விளக்கு அணைந்திருக்கும். அடுப்படி மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் அவள் முன்னால் இருந்தது. மழைக்கோட்டு கதவில் தொங்கி, கீழே ஒரு சிறு குட்டை தேங்கியிருந்தது. அதைத் துடைக்காமல் இருப்பது அக்காவின் குணம் இல்லை.

நான் கேட்காமலே அவள் பேசினாள்.

"தூக்கிட்டா அது போயிடுமேன்னு இருந்துச்சுடி."

அந்தச் சிரிப்பைச் சொல்கிறாள்.

"என்னைப் பாத்தா அவருக்கு அலுப்புதான் வரும். பாவம், வந்து விழறதுக்குத்தான் வீடு. தெரியாதவளா இருந்தா ஒரு சிரிப்பாவது கெடைக்குது. சரி, கொஞ்ச நேரம் தெரியாதவளாவே இருப்போம்னு உக்காந்துட்டேன்." ஹெல்மெட்டின் கண்ணாடியில் ஒரு கீறலை நகத்தால் தேய்த்தாள். "பின்னாடி ஹாரன் அடிக்கிறான். நான் நகர மாட்டேங்கறேன். வெக்கக்கேடு."

நான் அவளிடம் மாமாவின் போனைப் பற்றி வரிசையாகச் சொன்னேன். முதலில் சோதனை ஆள் என்று அவர் நினைத்தது. பிறகு அவர் யாரை நினைத்துச் சிரித்தார் என்பது. பிறகு வெள்ளைக் கார். கடைசியாக, அவள் கிளம்பும்போது அவர் தூங்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது. இந்த வரிசை சரிதானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். வெள்ளைக் காரை முதலில் சொல்லியிருந்தால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் வந்தே இருக்காது. வந்த கையோடு அணைந்தும் போயிருக்காது.

"உங்கக்காவ நெனச்சுக்கிட்டேன்னு சொன்னாரா?"

"ஆமாம்."

"அப்புறம் முதுகைக் காட்டி நின்னாரா?"

"ஆமாம்."

அவள் எழுந்து தரையிலிருந்த குட்டையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அந்தக் காரில் வந்தவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், சோதனை ஆள் இன்னும் வராமலே இருக்கலாம் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. மாமாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், மார்க் என்னவென்று தெரியட்டும் என்றும் சொன்னேன். சோதனை ஆள் என்று நம்பிக்கொண்டே ஒரு ராத்திரியாவது அவர் நிம்மதியாகத் தூங்கட்டுமே.

"தூங்க மாட்டாருடி. கண்ண மூடிட்டுக் கெடப்பாரு. இப்பதான சொன்னே." அக்கா துணியைப் பிழிந்து காயப்போட்டாள். "ஊமைக் கூத்து போதும். நான் சொல்லிக்கறேன்."

எப்படிச் சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தன்னால் ஆகாது என்றாள். மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். வெகுநேரம் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. கூடவே மாமா எதையோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. அக்கா ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

கதவு திறந்தது. வீட்டுப் புடவையும் ஹெல்மெட்டுமாக மேஜையருகே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை மாமா பார்த்தார்.

முதலில் வந்தது அந்தச் சிரிப்பு. அவர் வரவழைக்கவில்லை, தானாக வந்தது. கையும் தானாக நெஞ்சுக்குப் போனது. நான் சுவரோடு சுவராக நின்றேன். ஒரு மனிதர் தன் வீட்டு அடுப்படியில் தன் மனைவிக்கு வணக்கம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிற்பதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா கண்ணாடியைத் தூக்கினாள்.

"நான்தாங்க" என்றாள்.

அவள் பயந்த மாதிரி அந்தச் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. மாமா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். நாள் முழுவதும் நின்றவர் உட்கார்வதைப்போல இல்லாமல், யாரோ தோளைப் பிடித்து அழுத்தியதுபோல உட்கார்ந்தார்.

"அப்ப அந்த வெள்ளைக் கார்?" என்று கேட்டார்.

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் மேஜையில் வைத்தார். மேனேஜர் என்று வெளிச்சமாகத் தெரிந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்தை நோக்கி நகர்ந்தது. விழப்போன நேரத்தில் அக்கா அதன்மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமா போனைப் பார்க்கவில்லை. வெடித்துப்போன அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையிலேருந்துதானே வாங்கினேன்" என்றார். "எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

அக்காவின் கைக்கடியில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.